முதல் பிள்ளை சிசேரியன், அடுத்தது நார்மலா? பழைய ஃபைலை எடுத்துவிட்டுப் பேசுவோம்

இரண்டாவது உண்டானதும் "இதையாவது நார்மலாப் பெத்துக்கணும்" என்று வருகிறவர்கள் அநேகமாகக் கேட்பது இரண்டே கேள்வி: என்ன சாப்பிடணும், எவ்வளவு நடக்கணும். இரண்டுக்கும் பதில் உண்டு, பின்னால் வரும். ஆனால் சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் அமைவதைத் தீர்மானிப்பவை வேறு. முதல் ஆபரேஷனில் கர்ப்பப்பையை எங்கே, எப்படி வெட்டினார்கள் என்பது ஒன்று. வலி வந்து நீங்கள் போய் இறங்கும் மருத்துவமனையில் ராத்திரி 2 மணிக்கு யார் யார் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

வயிற்றில் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே இருக்கும் வெட்டைச் சொல்ல முடியாது. வெளியே குறுக்காக இருந்தாலும் உள்ளே நெட்டுக்கு வெட்டியிருக்கலாம். வெளியே நெட்டாக இருந்து உள்ளே குறுக்காகவும் இருக்கலாம். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு என்றால், தானாக வலி வரும் பிரசவத்தில் அந்தத் தழும்பு விட்டுப்போகும், அதாவது பழைய தையல் இடத்தில் கர்ப்பப்பை கிழியும் வாய்ப்பு ஏறக்குறைய 200-ல் 1. மேல்பகுதி வரை நெட்டுக்கு வெட்டியிருந்தாலோ, தலைகீழ் ஆங்கில 'T' போல வெட்டு நீண்டிருந்தாலோ, அது 100-க்கு 4 முதல் 9 வரை போகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு நார்மல் முயற்சியே கூடாது. வலி வருவதற்கு முன்பே ஆபரேஷன்தான். பிரஷர் ஏறி 28, 30 வாரத்திலேயே பிள்ளையை எடுத்தவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அந்த வாரங்களில் கீழ்ப்பகுதி சரியாக விரிந்திருக்காது என்பதால் நெட்டு வெட்டுக்கு வாய்ப்பு அதிகம்.

"ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்பது 1916-ல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற மருத்துவர் சொன்னது. அன்றைக்குப் போட்டதெல்லாம் நெட்டு வெட்டு. 1920-களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டைப் பரப்பிய பிறகு கணக்கே மாறிவிட்டது. நம் ஊரில் பெரியவர்கள் இன்னும் 1916 கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, முதல் வேலை காகித வேலை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று இருந்தால் கீழ்ப்பகுதி வெட்டு என்று அர்த்தம். அது மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு. அதில்தான் வெட்டு ஓரத்தில் கிழிந்து நீண்டதா, எத்தனை அடுக்காகத் தைத்தார்கள், கர்ப்பவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தபோது எடுத்தார்கள், என்ன காரணம் என்றெல்லாம் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வந்து தழும்பில் சீழ் பிடித்ததா என்பதைச் சம்மரியில் பாருங்கள். மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. அதே விதி, மருத்துவர் 3 வருஷம் வரைதான் ஆவணத்தைப் பாதுகாக்கக் கட்டாயம் என்கிறது. பிள்ளைகளுக்கிடையே நாலைந்து வருஷம் இடைவெளி விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் பிள்ளைக்கு மொட்டை எடுத்துக் காது குத்தும் காலத்திலேயே நோட்ஸை வாங்கி, தாய் சேய் அட்டையோடு ஒரே கவரில் வைத்துவிடுங்கள்.

முதல் முறை ஏன் ஆபரேஷன் ஆனது என்பதும் பெரிய விஷயம். பிள்ளை கால்மாறி இருந்தது, நஞ்சுக்கொடி கீழே இருந்தது, இதயத்துடிப்பு குறைந்தது போன்றவை இந்த முறையும் வந்தே தீரும் என்றில்லை. தலை இறங்கவில்லை, வலி வந்தும் வாய் திறக்கவில்லை என்றால் வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. தகராறான காரணம் ஒன்று உண்டு: "இடுப்பெலும்பு சின்னது." இந்த வார்த்தையைச் சிலர் தாராளமாக எழுதிவிடுகிறார்கள். 39 வாரத்தில் மருந்து வைத்து வலி வரவழைத்து, 3 சென்டிமீட்டரிலேயே எடுத்திருந்தால் உங்கள் இடுப்பெலும்பை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. முழுதாகத் திறந்து, மணிக்கணக்கில் முக்கியும் தலை வராமல் எடுத்தார்கள் என்றால் அது வேறு கதை. அந்த சென்டிமீட்டர் எண்ணுக்காகத்தான் ஆபரேஷன் நோட்ஸ் கேட்கச் சொல்கிறோம்.

இனி வாய்ப்புக் கணக்கு. ஒரே ஒரு கீழ்ப்பகுதிச் சிசேரியன் ஆகி, நார்மலுக்கு முயற்சி செய்யும் 100 பேரில் 72 முதல் 75 பேருக்கு அமைகிறது. சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒரு பிள்ளையையாவது நார்மலாகப் பெற்றிருந்தால் 85 முதல் 90. நார்மலே ஆனதில்லை, உடல் எடை அதிகம், முதல் முறை தலை இறங்காமல் ஆபரேஷன், இந்த முறை வலியை மருந்து வைத்து வரவழைக்கிறார்கள் என எல்லாம் சேர்ந்துகொண்டால் 40 ஆகிவிடும். அமையாதவர்களுக்கு நடுப்பிரசவத்தில் அவசர ஆபரேஷன். திட்டமிட்ட ஆபரேஷனைவிட அதில் தொற்றும் ரத்தப்போக்கும் கூடுதல். இதைச் சொல்லாமல் நார்மலை மட்டும் புகழ்கிறவர்களை நம்ப வேண்டாம்.

மறுபக்கம், திட்டமிட்டு மறுபடி ஆபரேஷன் செய்தால் தழும்பு விடும் வாய்ப்பு 10,000-ல் 2-க்கும் குறைவு. அந்தப் பிரசவத்துக்கு அது நிம்மதி. சிக்கல் அடுத்த கர்ப்பங்களில் இருக்கிறது. நஞ்சுக்கொடி கர்ப்பவாயை மூடிக்கொண்டு பழைய தழும்பின்மேல் உட்கார்ந்தால், கர்ப்பப்பைச் சதைக்குள்ளேயே ஊன்றிவிடும் அபாயம் ஒரு சிசேரியன் ஆனவருக்கு 100-க்கு 11, இரண்டு ஆனவருக்கு 40, மூன்று ஆனவருக்கு 61. கர்ப்பப்பையையே எடுக்க வைக்கும் சிக்கல் அது. மூன்று பிள்ளை வேண்டும் என்கிற வீடுகளில் நார்மல் முயற்சிக்கு இது வலுவான காரணம். இரண்டோடு நிறுத்தப்போகிறவர்களுக்கு அவ்வளவு வலு இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியாரில் 64, அரசில் 36. தழும்போடு இரண்டாவதைச் சுமப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

இடைவெளி: பிரசவத்துக்கும் பிரசவத்துக்கும் 18 மாதத்துக்குக் குறைந்தால் தழும்பு விடும் அபாயம் கூடுகிறது. 24 மாதம் இருந்தால் நல்லது. தாய்ப்பால் கொடுக்கும்வரை தங்காது என்று நம்பி 7-ஆம் மாதத்திலேயே மறுபடி உண்டாகி வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கதவு மூடிவிட்டது என்றில்லை. மருத்துவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

இனி மருத்துவமனை. "ட்ரை பண்ணிப் பார்ப்போம்மா" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். மயக்க மருத்துவர் ராத்திரியும் அங்கேயே இருப்பாரா, கூப்பிட்டால் வருபவரா, வருபவர் என்றால் எங்கிருந்து? தியேட்டர் அதே கட்டிடமா? பிள்ளையின் துடிப்பைப் பிரசவம் முழுக்கத் தொடர்ந்து காட்டும் சி.டி.ஜி. மெஷின் எத்தனை, அது எனக்கு முழு நேரமும் கிடைக்குமா? ரத்தம் உள்ளேயே இருக்கிறதா, சீட்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்காரர் ஓட வேண்டுமா? குழந்தை மருத்துவர்? தழும்பு விட்டால் பிள்ளைக்கு இருக்கும் நேரம் நிமிடக் கணக்கு. முடிவெடுத்து அரை மணிக்குள் பிள்ளையை எடுக்க முடியாத இடத்தில் இந்த முயற்சியே வேண்டாம். ஒரே மயக்க மருத்துவர் நாலு நர்சிங் ஹோமுக்கு ஓடுகிற ஊரில், "எங்களால் முடியாது, ஆபரேஷன்தான்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் பணத்துக்குச் சொல்கிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். தன் இடத்தின் அளவு தெரிந்து சொல்கிறார். நீங்கள்தான் இடம் மாற வேண்டும்.

மதுரையில் இந்த ஏற்பாடெல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் அரசு இராஜாஜி மருத்துவமனை. கூட்டம் அதிகம், முகம் பார்த்துப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் நடுராத்திரியிலும் தியேட்டர் நடக்கும், ரத்த வங்கி உண்டு. தாலுகா மருத்துவமனை என்றால் அங்கே சீமாங்க் மையம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவசர ஆபரேஷனுக்கும் ரத்தத்துக்கும் ஏற்பாடு உள்ள மகப்பேறு மையம் அது. ஆரம்ப சுகாதார நிலையம் வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகத் தழும்போடு அங்கே பிரசவத்துக்குப் போகக் கூடாது. செக்கப்புக்குப் போகலாம். கிராம சுகாதார செவிலியரிடம் முதல் பதிவிலேயே பழைய சிசேரியனைச் சொல்லி அட்டையில் எழுத வைத்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் திட்டம் கெடுவது பெரும்பாலும் வளைகாப்பில்தான். 7-ஆம் மாதமோ 9-ஆம் மாதமோ வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். சரி என்று சொன்ன டாக்டர் மதுரையில், பிள்ளைத்தாய்ச்சி எழுமலையிலோ பேரையூரிலோ. வலி வந்ததும் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஓர் இடத்துக்கு, ஃபைல் இல்லாமல், உங்களை முன்பின் பார்த்திராதவர் முன்னால் போய் நிற்பீர்கள். 32 வாரத்துக்குள் பிரசவ இடத்தை முடிவு செய்யுங்கள். தாய்வீடு தூரம் என்றால் வளைகாப்பை விமரிசையாக நடத்திவிட்டு, அம்மாவை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்வது சாமிக்குற்றம் ஆகாது. 37 வாரத்திலிருந்து நகருக்குள் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குவது இன்னும் நல்லது. தேதி சித்திரையில் விழுந்தால் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும். எதிர்சேவை தொடங்கியதும் தல்லாகுளமும் கோரிப்பாளையமும் மனிதத் தலைகளாகிவிடும்; இராஜாஜி மருத்துவமனை அதே கோரிப்பாளையம் பக்கம்தான். எந்தப் பாலத்தின் வழியாக வருவது என்று முன்கூட்டியே டிரைவரோடு பேசிவைப்பது, இல்லாவிட்டால் அந்த இரண்டு நாளும் மருத்துவமனை இருக்கும் கரையிலேயே தங்குவது. 108-ஐக் கூப்பிட்டால் முதல் வாக்கியமே "பழைய சிசேரியன், இப்போது வலி" என்று இருக்கட்டும்.

சாப்பாடு, நடை. ரத்த அளவு 11 கிராமுக்குக் குறையாமல் பிரசவத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஆபரேஷன் ஆனால் இழக்கும் ரத்தத்தைத் தாங்கும் கையிருப்பு அதுதான். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பாதி வீண். கால்சியம் மாத்திரையும் கூடவே வேண்டாம், இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக உடம்பில் ஒட்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. கட்டுப்படுத்தாவிட்டால் பிள்ளை 4 கிலோவைத் தாண்டலாம். நார்மல் வாய்ப்பு அங்கேயே இறங்கும். கீழவாசல் பக்கம் போனால் ஜிகர்தண்டாக் கடைக்கு எதிர்ப்பக்கமாக நடப்பது நல்ல உடற்பயிற்சி. மற்றபடி வெயிலேறும் முன் அரை மணி நடை, சம்மணம், குத்தவைத்து உட்கார்வது எல்லாம் உடம்புக்கும் மூச்சுக்கும் நல்லது. அதனால் தலை இறங்கிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 35 வாரம் முதல் பிறப்புறுப்பின் கீழ்த்தசையை எண்ணெய் தொட்டு நீவிவிட்டு வந்தால் கிழிசல் குறையலாம்.

ஸ்கேனில் இரண்டு விஷயம். 20-ஆம் வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி முன்பக்கம், கீழே, தழும்பின்மேல் என்றிருந்தால் 32 வாரம் போல மறுபடி பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று 36 வாரம் வாக்கில் தழும்பின் கனத்தை மில்லிமீட்டரில் அளப்பது. கனமாக இருந்தால் ஓரளவு தைரியம். ஆனால் இத்தனைக்குக் கீழே என்றால் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எண் கிடையாது. அளப்பவர் கை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். அந்த ஒற்றை எண்ணை வைத்து மட்டும் உங்களைப் பயமுறுத்தினால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

தேதி நெருங்கும்போது வீட்டுக்குள் கஷாயம் கொதிக்க ஆரம்பிக்கும். சீரகத் தண்ணீர் வரை தொந்தரவில்லை. வலி வரவழைக்க விளக்கெண்ணெய் குடிப்பதுதான் ஆபத்து: குடலைக் கலக்கி, கட்டுக்கு அடங்காத வலியைக் கிளப்பிவிடலாம், தழும்புள்ள கர்ப்பப்பைக்கு அது ஆகாது. மிசோபிரோஸ்டால் என்ற, வலி வரவழைக்கும் மாத்திரையைப் பழைய சிசேரியன் உள்ளவருக்கு நிறைமாதத்தில் வைக்கவே கூடாது. அடிவழியே எந்த மாத்திரை வைத்தாலும் பெயரைக் கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தேதி தாண்டினால் என்ன செய்வது என்பதை 36-ஆம் வாரத்திலேயே பேசி முடிவெடுக்க வேண்டும். மருந்தால் வலி வரவழைத்தால் தழும்பு விடும் அபாயம் 2 முதல் 3 மடங்கு ஆகிறது. பலூன் வைத்துத் திறக்கும் முறையில் அது குறைவு. 41 வாரம் வரை காத்திருந்து, வரவில்லை என்றால் ஆபரேஷன் என்று முடிவெடுப்பவர்கள் உண்டு, அது நல்ல முடிவுதான். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 39 வாரம் நிறைந்த பிறகு. நல்ல நட்சத்திரம் வருகிறது என்று 37-லேயே எடுக்கச் சொல்லும் வீட்டாருக்கு, மூச்சுத் திணறி இன்குபேட்டரில் கிடக்கும் பிள்ளைக்கு எந்த நட்சத்திரமாக இருந்தால் என்ன என்று நாங்கள் கேட்போம்.

வலி. சூட்டு வலி என்றால் படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கும். 10 நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வர ஆரம்பித்துவிட்டால் கிளம்பிவிடுங்கள். முதல் பிரசவக்காரர் போல 'இன்னும் கொஞ்சம் கூடட்டும்' என்று வீட்டில் இருக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே. ரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால் உடனே. போனதும் கையில் பெரிய ஊசியாக ஒரு லைன், ரத்தப் பொருத்தம் பார்க்க மாதிரி, வயிற்றில் சி.டி.ஜி. பட்டை, இந்த மூன்றும் நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் "இவளுக்குப் போன பிள்ளை சிசேரியன் சிஸ்டர்" என்று துணைக்கு இருப்பவர் மறுபடி சொல்ல வேண்டும். டியூட்டி மாறும் காலை 8 மணிக்கு இன்னொரு தரம். முதல் முறை 3 சென்டிமீட்டரில் ஆபரேஷன் ஆனவரின் உடம்புக்கு இது முதல் பிரசவம் போலத்தான், மெதுவாகவே நகரும். அவசரப்பட்டு வலி ஏற்றும் டிரிப் போட வேண்டாம். போட வேண்டியிருந்தால் பெரிய டாக்டர் பார்த்து, குறைந்த அளவில், சி.டி.ஜி. ஓடும்போது மட்டும். நல்ல வலியிலும் நாலு மணி நேரமாக நகரவில்லை என்றால் ஆபரேஷனுக்கு மனம் தயாராக இருக்க வேண்டும்.

துணைக்கு நிற்கும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ தெரிந்திருக்க வேண்டியது இது. வலி என்பது வந்து விடும், மறுபடி வரும். விடாமல் அடிவயிற்றில் குத்திக்கொண்டே இருந்தால், வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்றுபோனால், ரத்தம் பட்டால், சிறுநீர் சிவப்பாகப் போனால், தோள்பட்டை வலித்தால், நாடி படபடத்து முகம் வெளுத்தால் உடனே குரல் கொடுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பெரும்பாலும் சி.டி.ஜி.யில்தான் கோளாறு தெரியும், பிள்ளையின் துடிப்பு இறங்கும். அதனால்தான் அந்தப் பட்டையைக் கழற்றி இன்னொருவருக்கு மாட்டப் போனால் மறுப்புச் சொல்லச் சொல்கிறோம். முதுகில் போடும் வலிநிவாரண ஊசிக்குத் தடையில்லை. அது தழும்பு வலியை மறைத்துவிடும் என்பது பழைய பயம். ஊசி போட்டும் மேலும் மேலும் மருந்து கேட்கிற வலிதான் எச்சரிக்கை. முக்கும்போது யாராவது மேலே ஏறி வயிற்றை அமுக்கித் தள்ள வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யாருக்குமே செய்யக் கூடாதது அது, தழும்புள்ளவருக்கு அறவே கூடாது.

கையெழுத்து விஷயத்தையும் முன்பே முடித்துவிடுங்கள். ஆபரேஷன் என்று சொன்ன பிறகு மாமனார் வரட்டும், வெளியூரிலிருந்து மாப்பிள்ளை போன் எடுக்கட்டும் என்று கழியும் 20 நிமிடம் பிள்ளையின் 20 நிமிடம். வயது வந்த பெண் தனக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம். சேர்க்கும்போதே இரண்டுக்கும் சேர்த்துப் பேசி எழுதிவிடுவது நல்லது.

பிள்ளை பிறந்ததும் தொடையில் ஆக்ஸிடோசின் 10 யூனிட், நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை இறுகுகிறதா என்று பார்ப்பார்கள். கையை உள்ளே விட்டுத் தழும்பைத் தடவிப் பார்ப்பது எல்லோருக்கும் தேவையில்லை. இறுகிய பிறகும் ரத்தம் நிற்காவிட்டால், பிரஷர் இறங்கினால்தான் தேடுவார்கள். முதல் இரண்டு மணி நேரம் துணி நனைவதை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் பல வீடுகளில் நார்மலைத் தள்ளிவைக்கும் காரணம் வேறு: "ஆபரேஷன்னா அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாம்ல." அதற்காக மட்டும் வயிற்றை வெட்ட வேண்டியதில்லை. நார்மல் பிரசவமானால் 7 நாளுக்குள் தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டில் கருத்தடை செய்துவிடலாம். கர்ப்பப்பை அப்போது மேலே ஏறியிருப்பதால் குழாய் எளிதில் கிடைக்கும். வேண்டும் என்பதை 8-ஆம் மாதமே சொல்லி அட்டையில் எழுத வைத்தால், வீட்டுக்குப் போகும் முன்பே முடித்து அனுப்புவார்கள். நிரந்தரமாக வேண்டாம் என்றால் 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைக்கலாம். வீட்டுக்காரர் செய்துகொள்ளும் கத்தியில்லா வாசக்டமி இவை எல்லாவற்றையும்விடச் சின்ன வேலை. அதைப் பற்றி வளைகாப்பில் யாரும் பேசுவதில்லை.